ஏரியில் தண்ணீர் ஏறிய வாரம்

எங்கள் மேல்மாடியில் குடியிருந்த மாமி தன் அண்ணன் மகள் பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுக்கென்று லண்டனுக்குப் போகாமல் இருந்திருந்தால், நான் ஒரு வாரம் இல்லாத பிள்ளையாக வாழ்ந்திருக்க மாட்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜெர்மனியின் எசன் நகரில் இலையுதிர்கால விடுமுறை தொடங்கியிருந்தது. அப்பா பாண் ரொட்டித் தொழிற்சாலையில் அதிகாலை வேலைக்காரர். நான் கண் விழிக்கும்போது அவர் முதல் ஆயிரம் பாணைச் சுட்டு முடித்திருப்பார். அம்மா நகரின் தெற்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய அருங்காட்சியகத்தில், ஒரு துப்புரவு நிறுவனத்தின் ஆளாக, காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். விடுமுறை நாட்களில் என்னை மேல்மாடி மாமியிடம் விடுவதுதான் வழக்கம். மாமி லண்டனில். என்னைத் தனியே வீட்டில் விட அம்மாவுக்கு மனமில்லை. ஆகவே வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வேலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது என்று நிறுவனம் எழுத்தில் கொடுத்திருந்தது. அதே தாளில் படங்களைத் தொடக் கூடாது என்றும் இருந்தது. மொழி தெரியாதவர்களுக்காக ஒரு கையை வரைந்து அதன் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். அம்மா எனக்குப் பேருந்திலேயே சட்டங்களைச் சொல்லித் தந்தார். ஓடக் கூடாது. ஒன்றையும் தொடக் கூடாது. யாராவது வந்தால் கீழே கோட்டு மாட்டும் இடத்தில் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாய் திறக்கக் கூடாது.

கடைசிச் சட்டம்தான் என்னைக் கொன்றது. வகுப்பில் மற்றவர்களையும் பேசவிட வேண்டும் என்று என் பள்ளி அறிக்கையில் ஆசிரியை இரண்டு முறை எழுதியிருந்தார்.

அந்தக் கட்டடத்துக்கு ஒரு பராமரிப்பாளர் இருந்தார். சாம்பல் நிற மேலங்கியும் இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்துமாக நடப்பார். அவர் வருவது இரண்டு அறைக்கு முன்பே கேட்கும். நான் கோட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். முதல் நாளே அந்த இடத்துப் பலகையில் ஒரு அப்பிள் இருந்தது. இரண்டாம் நாள் இரண்டு. என்னை அவர் கண்டுபிடிக்கவில்லை என்றும், அவர் மறதிக்காரர் என்றும் நான் நினைத்துக்கொண்டேன்.

கீழ்த்தளத்தில் பழைய பீங்கான்கள். மேல்தளத்தில் படங்கள். எல்லாம் எப்போதோ இந்த ஊரில் இரும்பு ஆலை வைத்திருந்த ஒருவர் கிழக்கு நாடுகளில் வாங்கிக் குவித்து நகரத்துக்கு விட்டுப் போனவை. மேல்தளத்தின் கடைசி அறை மட்டும் எப்போதும் இருட்டாக இருக்கும். யன்னலில் தடித்த திரை. வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும் என்பதால் அங்கே சின்ன விளக்குகள்தான். அந்த அறையில் ஜப்பானிய அச்சுப் படங்கள் ஒன்பது இருந்தன. மரப்பலகையில் செதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகையாக வைத்து, தாளில் அழுத்தி எடுக்கும் படங்கள் என்று சுவரில் எழுதியிருந்ததை நான் அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். ரகசியக் குரலில்தான்.

அம்மா அந்த அறையைக் கடைசியாகத்தான் துடைப்பார். துடைத்து முடித்ததும் வாளியை வெளியே வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, மூன்றாவது படத்தின் முன்னால் போய் நிற்பார். ஐந்து நிமிடம். சில நாள் பத்து.

அது ஒரு ஏரி. அம்மா அதைக் குளம் என்றுதான் சொன்னார். தூரத்தில் ஒரு மலை, பாதி வானத்தின் நிறமாகவே கரைந்துபோயிருந்தது. இடது பக்கம் வளைந்த இரண்டு பைன் மரங்கள். தண்ணீர் மேலே வெளிறி, கீழே வர வர நீலம் கூடிக்கொண்டே வரும். அந்த மாற்றம் எந்த இடத்தில் நடக்கிறது என்று நான் மூக்கைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தேடினேன். கிடைக்கவில்லை. நடுவில் ஒரு ஓடம். அதில் ஓலைத்தொப்பி போட்ட ஒருவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். படத்தின் அடியில் ஒரு சிறிய மணல் திட்டு, வெளிர் மஞ்சள். அதில் நாலு நாணல்.

ஒன்றும் நடக்காத படம். எனக்கு இரண்டாவது படம்தான் பிடித்திருந்தது. அதில் ஒரு காற்று அடித்து ஒருவருடைய குடை பறந்துகொண்டிருந்தது.

“ஏனம்மா இதையே பாக்கிறியள்?” என்று கேட்டேன்.

“இதுக்குள்ளை ஆரும் என்னைக் கூப்பிடேல்லை,” என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் இரண்டு அறை. அப்பா, அம்மா, நான், அப்பாவின் இரண்டு தம்பிமார். அம்மாவை நாங்கள் மாறி மாறி எப்போதும் கூப்பிட்டுக்கொண்டே இருப்போம். அதில் நான்தான் அதிகம். ஆனால் அந்தப் பதில் என்னைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை குளிர் இறங்கியது. கட்டடத்தில் சூடேற்றியைத் திறந்துவிட்டார்கள். குழாய்கள் சுவருக்குள்ளே டொக் டொக் என்று தட்டிக்கொண்டு எழுந்தன. வியாழக்கிழமை அம்மா ஏரியின் முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இஞ்சை வந்து வடிவாப் பார். தண்ணி ஏறியிருக்கு.”

“எங்கை?”

“குளத்திலை. நேற்று உந்த மணல் முழுக்கக் காய்ஞ்சு கிடந்தது. இண்டைக்குக் கரையை மூடியிருக்கு.”

நான் சிரித்தேன். படத்தில் தண்ணீர் ஏறாது என்று எனக்குத் தெரியும். நான் நாலாம் வகுப்பு. அம்மா சிரிக்கவில்லை. சாவிச் சத்தம் கேட்டதும் என்னைக் கீழே விரட்டிவிட்டு, அவரே பராமரிப்பாளரை மறித்து, அதைச் சொல்லத் தனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்கள் இரண்டையும் சொன்னார். தண்ணீர். படம். படிக்கட்டில் ஒளிந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. பராமரிப்பாளர் படத்தின் அருகில் போய்ப் பார்த்துவிட்டு, ஆமாம், தண்ணீர்தான், அழகான தண்ணீர், என்று அன்பாகத் தலையை ஆட்டினார். அம்மா மறுபடியும் தண்ணீர் என்றார். அவர் மறுபடியும் ஆமாம் என்றார். இருவரும் ஒருவரையொருவர் மிகுந்த மரியாதையோடு விளங்கிக்கொள்ளாமல் பிரிந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மணல் திட்டில் பாதிதான் இருந்தது. இப்போது எனக்கும் தெரிந்தது. வெளிர் மஞ்சள் இருந்த இடத்தில் ஒரு மங்கிய பழுப்பு மேலே ஏறியிருந்தது. நாணல்கள் உண்மையாகவே தண்ணீருக்குள் நிற்பதுபோல் இருந்தன.

அன்று அருங்காட்சியகத்தின் தலைவி வழக்கத்துக்கு மாறாக நேரத்தோடு வந்திருந்தார். நெட்டையான பெண். எல்லோரும் அவரை டொக்டர் என்று கூப்பிட்டார்கள். அவர் எந்த நோயாளியையும் பார்த்ததாகத் தெரியாததால், படங்களுக்கு வருத்தம் வந்தால் பார்க்கிறவர் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். அவருடைய குரல் கேட்டதும் நான் கோட்டுகளுக்குப் பின்னால் ஓடினேன். ஆனால் அம்மா வந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

“வா. வந்து சொல்லு.”

“நான் வாய் திறக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே...”

“இப்ப திறக்கலாம். கெதியா வா.”

டொக்டர் ஒரு பயணப்பெட்டியோடு வாசலில் நின்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், துப்புரவுப் பெண்ணின் கையில் தொங்கிக்கொண்டு திடீரென்று ஒரு பிள்ளை முளைத்ததைக் கண்டு திகைத்தார். நான் ஒரு வாரம் அடக்கிவைத்த குரலில், ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

“என் அம்மா சொல்கிறார், ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டது.”

டொக்டரின் முகம் மலர்ந்தது. எவ்வளவு அழகாகப் பார்க்கிறார் உன் அம்மா, என்றார். இந்தப் படங்களை அப்படித்தான் பார்க்க வேண்டும், தண்ணீர் அசைகிறது என்று தோன்றும்வரை பார்க்க வேண்டும், படித்தவர்களே அப்படிப் பார்ப்பதில்லை என்றார். என் தலையைத் தடவினார். அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ரயிலைப் பிடிக்க ஓடினார்.

“என்ன சொன்னவ?” என்று அம்மா கேட்டார்.

“நீங்கள் வடிவாப் பாக்கிறியளாம்.”

“அதுக்கு என்ன செய்யப் போறாவாம்?”

“ஒண்டும் சொல்லேல்லை.”

சுவர் ஈரம் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஈரத்துக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று எனக்கு முதலாம் வகுப்பிலேயே தெரியும். ஆனால் அம்மா சுவரைப் பற்றிப் பேசவில்லை. ஏரியைப் பற்றித்தான் பேசினார். நான் நேர்மையான மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அம்மா வேறு எங்கோ இருந்தார். சோற்றுக்கு உப்புப் போட மறந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். அப்பா சாப்பாட்டுக் கையோடு நிமிர்ந்தார்.

“உனக்கேன் உந்த வேலை? கூட்டிறது, துடைக்கிறது, அதோடை வா. அடுத்த மாதம் விசாவுக்கு டெர்மின் இருக்கு. ரெண்டு பேற்றை வேலைக் கடிதமும் வேணும். தெரியுமெல்லோ?”

“தெரியும்.”

“பேந்தென்ன?”

அம்மா உப்புப் போத்தலை அவர் பக்கம் நகர்த்தினார். அப்பா கெட்டவர் இல்லை. அந்த டெர்மினுக்கு, அதாவது விசா அலுவலகம் குறித்துக் கொடுத்த நாளுக்கு, வேண்டிய தாள்களை ஒரு பச்சைக் கோப்பில் போட்டு, அலுமாரியில் சாமிப் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். தினமும் இரண்டையும் ஒன்றாகவே கும்பிட்டார்.

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. துடைக்கிற வேலைக்கு மட்டும் விடுமுறை இல்லை. பராமரிப்பாளர் கதவைத் திறந்துவிட்டுப் பின்முற்றத்தில் இலை கூட்டப் போய்விட்டார். அம்மா அன்று கீழ்த்தளத்தைத் தொடவேயில்லை. வாளியைக்கூட எடுக்காமல் நேரே மேலே ஏறிக் கடைசி அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

மணல் இல்லை. நாணலில் பாதி இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் தாளின் அடிப்பக்கம் உப்பி, அப்பளம்போல் நெளிந்திருந்தது. அம்மா படச்சட்டத்துக்குக் கீழே சுவரில் புறங்கையை வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். காய்ச்சல்காரனின் நெற்றிபோல் சூடும் ஈரமுமாக இருந்தது சுவர்.

“அண்ணையைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?” என்று கேட்டேன். பராமரிப்பாளரை நாங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.

“அவர் வந்து பாத்து, டொக்டருக்குப் போன் அடிச்சு, அவ வந்து சேர மத்தியானமாகும். அதுக்குள்ளை ஓடக்காரனும் தண்ணிக்குள்ளை தாண்டு போவான்.”

அம்மா தன் பையிலிருந்து இரண்டு வெள்ளைத் துவாய்களை எடுத்தார். எங்கள் வீட்டுத் துவாய்கள், விருந்தாளிகளுக்கென்று மடித்து வைத்தவை. அவற்றைக் காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அறை நடுவில் இருந்த நீண்ட இருக்கையில் அவற்றை விரிக்கச் சொன்னார். புதிய மஞ்சள் கையுறை ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டார்.

“சத்தம் வரும். பயப்பிடாதை,” என்றார்.

படத்தைத் தூக்கினார்.

சத்தம் வந்தது. நான் அதுவரை கேட்டிராத சத்தம். கட்டடம் முழுவதும் அபாயச் சங்கு கூவியது. நான் காதைப் பொத்திக்கொண்டு அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்தேன். அம்மா ஓடவில்லை. படத்தைத் தட்டையாகப் பிடித்து, நிறைந்த தண்ணீர்க் குடத்தைக் கொண்டுபோவதுபோல் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து, துவாயின் மேல் கிடத்தினார். அதன் பிறகு கையுறையைக்கூடக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே நிமிர்ந்து நின்றார்.

முதலில் பராமரிப்பாளர் வந்தார், கையில் இலைவாரியோடு. அவர்தான் டொக்டருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். டொக்டர் அடுத்த தெருவில்தான் குடியிருந்தார் என்பது அம்மாவுக்குத் தெரியாது. சைக்கிள் தலைக்கவசத்தோடு மேலே ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பொலிஸ்காரர்கள். யாரோ கூவலை நிறுத்தினார்கள். அந்த அமைதி கூவலைவிடப் பயமாக இருந்தது.

யாரும் சுவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் வெறும் கொக்கியையும், இருக்கையில் கிடந்த படத்தையும், மஞ்சள் கையுறை போட்ட அம்மாவையும்தான் பார்த்தார்கள்.

“இதை யார் கழற்றியது?” என்று டொக்டர் கேட்டார். வெள்ளிக்கிழமைக் குரல் இல்லை அது.

எனக்குச் சட்டத்தாளில் இருந்த கை ஞாபகம் வந்தது. அப்பாவின் பச்சைக் கோப்பு ஞாபகம் வந்தது. பொலிஸ்காரரில் இளையவர் ஒரு சிறிய புத்தகத்தை எடுத்துவிட்டார். ஒன்பது வயதுப் பிள்ளையை எந்த நிறுவனமும் வேலையை விட்டு நிறுத்த முடியாது என்று எனக்குப் பளிச்சென்று தோன்றியது. அந்த வயதில் எனக்குத் தோன்றியவற்றுள் அதுதான் மிகச் சிறந்த யோசனை என்று இன்றும் சொல்வேன்.

“நான்தான்,” என்றேன். “விளையாட்டுக்காகக் கழற்றினேன். அம்மா அப்போது கீழே இருந்தார்.”

அம்மாவுக்கு அந்த வாக்கியம் முழுவதும் விளங்கியிருக்காது. ஆனால் முதல் சொல் விளங்கியது.

“நைன்,” என்றார் அம்மா. மஞ்சள் கையுறையை நெஞ்சில் வைத்தார். “இஷ்.”

இல்லை. நான்.

வேறு மனிதர்களுக்கு முன்னால் அம்மா அவ்வளவு சத்தமாக ஜெர்மன் பேசி நான் கேட்டதில்லை. கடையில்கூட என்னைத்தான் முன்னால் தள்ளுவார். இப்போது என்னைத் தன் பின்னால் தள்ளிவிட்டு, கையை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

“தண்ணீர்,” என்றார் அதே மொழியில். “படத்தில் இல்லை. பின்னால்.”

படம் இருந்த இடத்தில் சுவர் கறுத்துப்போயிருந்தது. ஒரு துளி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பராமரிப்பாளர் போய் உள்ளங்கையை வைத்தார். நான் இங்கே எழுத முடியாத ஒரு சொல்லைச் சொன்னார். இலைவாரியை அப்படியே போட்டுவிட்டு, சூடேற்றியின் குழாயை அடைக்க நிலவறைக்கு ஓடினார். சாவிக்கொத்தின் சத்தம் மூன்று மாடியும் கேட்டது.

டொக்டர் தலைக்கவசத்தைக் கழற்றி நிலத்தில் வைத்தார். படத்தின் முன்னால் முழங்காலிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மிக மெதுவாக, ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டது என்றாயே, என்றார். நான் ஆமாம் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மற்ற எட்டுப் படங்களையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் கழற்றினார்கள். டொக்டர் தூக்க, மறுபக்கம் அம்மா பிடித்தார். நான் துவாய் விரித்தேன். துவாய் போதாமல் பொலிஸ்காரர்களில் மூத்தவர் கழிவறையிலிருந்து தாள் சுருள்களைக் கொண்டுவந்தார். இளையவர், இந்தப் பிள்ளை எப்படி இங்கே வந்தது என்று புத்தகத்தைப் பிடித்தபடி கேட்டார்.

“அவள் என்னுடைய விருந்தாளி,” என்றார் நிலவறையிலிருந்து மூச்சிரைக்க ஏறிவந்த பராமரிப்பாளர். “அப்பிள் சாப்பிட வருகிறவள்.”

படம் பிழைத்தது. நிறம் கரையவில்லை. இன்னும் இரண்டு நாள் கிடந்திருந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கும் என்றார்களாம். கொலோனில் தாள் வைத்தியம் பார்க்கிற ஒருவரிடம் ஆறு மாதம் இருந்துவிட்டு, ஏரி திரும்பி வந்தது. மணலும் நாணலும் வெளியே வந்திருந்தன. இப்போது அது எதிர்ச்சுவரில் தொங்குகிறது. திட்டின் மேல் மட்டும் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது, வெள்ளம் வந்து வடிந்த இடத்தில் இருப்பதுபோல. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

துப்புரவு நிறுவனத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பிள்ளையைக் கூட்டிவந்ததற்கு ஒன்று, படத்தைத் தொட்டதற்கு ஒன்று. அதே வாரத்தில் டொக்டரிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அப்பா இரண்டையும் பச்சைக் கோப்பில் வைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, டொக்டருடையதை மட்டும் வைத்தார். விசா கிடைத்தது. அடுத்த வசந்தத்தில் அருங்காட்சியகம் அம்மாவைத் தன் ஆளாகவே எடுத்துக்கொண்டது, படங்களைக் கழற்றி மாட்டுகிற வேலைக்கு. மாலையில் மொழி வகுப்புக்கும் அனுப்பினார்கள். அம்மா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். அவருக்குக் கீழே மூன்று பேர். அவர் ஜெர்மன் பேசும்போது எங்கள் அப்பாகூட வாயை மூடிக்கொண்டு கேட்பார்.

இவை எல்லாம் பிறகு நடந்தவை. அந்தத் திங்கட்கிழமை எங்களுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. பத்து மணிக்கு அம்மா ஈரத் துவாய்களைப் பையில் போட்டுக்கொண்டார். பேருந்தில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தோம். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். நான் அம்மாவுக்காகப் பொலிஸுக்கு முன்னால் நின்றவள். மூன்று தரிப்பிடம் போயின.

நாலாவதில் கேட்டார்: “ஏன் நீ நானெண்டு சொன்னனீ?”

“உங்களை வேலையாலை நிப்பாட்டிப் போடுவினமெண்டு. உங்களைக் காப்பாத்தத்தான்.”

“அது நான் செய்தது பிள்ளை.” அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குரலில் கோபம் இருந்தது. அது எனக்கு நியாயமில்லாமல் பட்டது. “இந்த நாட்டுக்கு வந்து பத்து வருசம். ஆரும் சொல்லாமல், நானாப் பாத்து, நானா யோசிச்சு, நானாச் செய்தது அது ஒண்டுதான். அதையும் நீ எடுக்கப் பாத்தியே.”

நான் எதை எடுத்தேன்? பழியைத்தானே எடுக்கப் பார்த்தேன். யார் கேட்டாலும் எல்லோரும் கொடுக்க விரும்புகிற பொருள்தானே அது? நன்றாக யோசித்துப் பார்த்ததில், நான் பொய் சொன்னதுதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தேன். பொய் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

“இனிமேல் பொய் சொல்ல மாட்டன். சத்தியமா,” என்றேன்.

அம்மா திரும்பி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கண் நிறைந்திருக்க எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

“சரி,” என்றார். “அதுவும் நல்லதுதான்.”

என் சத்தியத்தை ஏற்றுக்கொண்டார் என்ற நிம்மதியில், நான் அவருடைய தோளில் சாய்ந்து, வீடு வரும்வரை நித்திரை கொண்டேன்.